கட்டம்போட்ட பை

1

பள்ளிக்கரணை வாடகை வீட்டைக் காலி செய்த அன்று, லாரியில் ஏற்றாமல் கையிலேயே எடுத்துவந்த பெட்டி ஒன்று உண்டு. சர்டிபிகேட்டுகள், பாப்பாவின் தடுப்பூசி அட்டை, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பழைய புத்தகம். இரோடவ் எழுதிய பொது இயற்பியல் கணக்குகள். பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்து படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். ஒரு கணக்குக்கு இரண்டு நாள் ஆகும், சில கணக்குகள் இருபது வருஷமாகியும் எனக்கு வரவில்லை.

அப்பா வாங்கிவைத்த புத்தகம் அது. அவர் பி.காம். 1990 வாக்கில் கோவையில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் போட்ட கண்காட்சியில், பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிக’த்தோடு சேர்த்து வாங்கியிருக்கிறார். எனக்கு அப்போது இரண்டு வயசு. கெட்டி அட்டை, நல்ல தாள், விலையோ டீக்கடைக் கணக்கு. முதல் பக்கத்தில் ‘மீர் பதிப்பகம், மாஸ்கோ’ என்று இருக்கும். மீர் என்றால் ரஷ்ய மொழியில் உலகம் என்றும் அர்த்தம், சமாதானம் என்றும் அர்த்தம்.

வேலை போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் புதிதாக ஒன்றுமில்லை. பதினொரு நிமிஷ வீடியோ கால். பதிமூன்று வருஷ அனுபவம். மூன்று மாதச் சம்பளம் தந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப் தானாகவே லாக் ஆனது. அடுத்த எட்டு மாதம் நேர்காணல்கள். சம்பளத்தைக் குறைத்துக் கேட்டால், ‘இவ்வளவு அனுபவம் இருக்கிறவர் நிலைத்து நிற்க மாட்டார்’ என்றார்கள். குறைக்காமல் கேட்டால் போனே வரவில்லை. கடைசியில் கோவைக்கே திரும்பி, ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கும் ஏழு பேர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். சம்பளம் முன்பு வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. கோடு எழுதுவது பாதி நாள்தான். மீதிப் பாதி கடை கடையாகப் போய் பார்கோடு பிரிண்டரைச் சரி பண்ணுவது, கல்லாவில் உட்காரும் பெண்களுக்கு ரிட்டர்ன் பில் போடச் சொல்லித் தருவது.

காரை விற்றோம். பாப்பாவைச் சின்னப் பள்ளிக்கு மாற்றினோம். அதெல்லாம் நடந்துவிட்டது. நடக்காதது ஒன்றுதான்: லிங்க்ட்இன்னில் பழைய கம்பெனிப் பெயரும் பழைய பதவியும் அப்படியே இருந்தன. முடிந்த தேதியை நான் போடவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் ‘வொர்க் ஃபிரம் ஹோம்’ என்றேன்.

பெட்டியைப் பிரித்த ராத்திரி அந்த மாஸ்கோ முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. இந்தப் புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள், இதில் உள்ள கணக்குகளைச் சும்மா போட்டுத் தள்ளியவர்கள், அந்த லட்சக்கணக்கான சோவியத் பொறியாளர்களுக்கு 1991க்குப் பிறகு என்ன ஆனது? அரசியல் தெரியும். கோர்பசேவ், யெல்ட்சின், டாங்கி, கொடி இறக்கம் எல்லாம் தெரியும். மறுநாள் காலையில் அவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்று தெரியாது. சில மாதங்களாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

2

சோவியத் யூனியனில் பொறியாளர் என்றால் யார் என்று முதலில் பார்க்கலாம். உலகத்தில் வேறெந்த நாட்டையும் விட அதிகப் பொறியாளர்கள் அங்கேதான் இருந்தார்கள். எண்பதுகளில் அவர்களில் சரிபாதிக்கு மேல் பெண்கள். ஒவ்வொரு நகரத்திலும் ஆராய்ச்சி நிலையங்கள், வடிவமைப்புக் கூடங்கள். பாதுகாப்புத் துறையோடு சம்பந்தப்பட்ட நிலையங்களுக்கு வெளியில் பெயரே கிடையாது, ஒரு தபால் பெட்டி எண் மட்டும்தான். ‘எங்கே வேலை செய்றீங்க?’ என்றால் ‘ஒரு தபால் பெட்டியில்’ என்பார்கள். கேட்டவருக்குப் புரிந்துவிடும்.

சம்பளம் பெரிசில்லை. எண்பதுகளில் ஒரு சாதாரணப் பொறியாளரைவிட பஸ் டிரைவரும் சுரங்கத் தொழிலாளியும் அதிகம் வாங்கினார்கள். பொறியாளரின் சம்பளம் ஒரு ஜோக்காகவே இருந்தது. அறுவடைக் காலத்தில் நிலையத்திலிருந்து கூட்டமாக லாரி ஏற்றி கூட்டுப் பண்ணைக்கு உருளைக்கிழங்கு பொறுக்க அனுப்புவார்கள். முனைவர் பட்டக்காரரும் கையில் வாளியோடு போவார்.

அப்படியானால் அந்த வேலையில் என்ன இருந்தது? அந்தச் சொல் இருந்தது. படித்தவர், புத்தகம் வாசிப்பவர், சமையலறை மேசையில் ராத்திரி இரண்டு மணி வரை இலக்கியமும் உலகமும் பேசுபவர். சம்பளச் சீட்டு சின்னதாக இருந்தாலும் நாடு விண்வெளிக்குப் போனதில் தனக்குப் பங்குண்டு என்ற நினைப்பு. ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 2013இல் வெளியிட்ட ‘செகண்ட் ஹேண்ட் டைம்’ முழுக்க இந்த மனிதர்களின் குரல்தான். பணத்தைப் பற்றிய புலம்பலை எதிர்பார்த்து அதைத் திறந்தேன். அதைவிட அதிகமாக, தாங்கள் யாராக இருந்தோம் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

நமக்கு இது தலைகீழ். ஓஎம்ஆரில் சம்பளம்தான் சொல்லாக இருந்தது. சம்பளம் போனதும் சொல்லும் போய்விட்டது. அவர்களுக்குச் சொல் மட்டும் கையில் மிஞ்சியது, அதை வைத்து ரொட்டி வாங்க முடியவில்லை.

3

1992 ஜனவரி 2ஆம் தேதி விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். யெகோர் கைதார் தலைமையில் நடந்த சீர்திருத்தத்தின் முதல் அடி. காலியாக இருந்த கடைகளில் சாமான் வந்தது, விலை பறந்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் விலைவாசி ஏறக்குறைய 26 மடங்கு ஏறியது. காருக்காக, மகள் கல்யாணத்துக்காக, சாவுச் செலவுக்காக என்று சேமிப்பு வங்கியில் போட்டுவைத்த இருபது வருஷப் பணம் சில மாதங்களில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அதே வருஷம் அரசாங்கம் ஆயுதக் கொள்முதலை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது. தபால் பெட்டிகளுக்கு வேலை வந்தது அங்கிருந்துதான்.

நான் எதிர்பார்க்காத இடம் இங்கே வந்தது. பெரும்பாலானவர்களை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. தொண்ணூறுகளில் ரஷ்யப் பொருளாதாரம் ஏறக்குறைய 40 சதவீதம் சுருங்கியது. அவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கு வேலையில்லாதவர்கள் விகிதம் இன்னும் பல மடங்கு எகிறியிருக்க வேண்டும். ஆனால் 1992இல் 5 சதவீதம், மிக மோசமான 1998இலேயே 13 சதவீதம் அளவில்தான் நின்றது. ஆலைகளும் நிலையங்களும் ஆட்களைப் பட்டியலில் வைத்துக்கொண்டே சம்பளத்தை நிறுத்தின. ‘சம்பளமில்லாத விடுப்பு’ என்றார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் பாக்கி. சில ஆலைகள் பணத்துக்குப் பதிலாகச் சரக்கைத் தந்தன. குஸ்-ஹ்ருஸ்தால்னி என்ற கண்ணாடி ஊரில் தொழிலாளிகளுக்குக் கிண்ணமும் பூச்சாடியும்தான் சம்பளம். அவற்றை ரயில் பாதை ஓரமும் நெடுஞ்சாலை ஓரமும் வைத்து விற்றார்கள்.

அவர்கள் ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை? ஒரு காரணம் நடைமுறை சார்ந்தது. வீடு, குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை எல்லாம் வேலை செய்யும் இடத்தோடு கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொருவருக்கும் ஓர் உழைப்புப் புத்தகம் உண்டு. எங்கே, என்ன பதவியில், எத்தனை வருஷம் என்று பதிவாகும் சின்னப் புத்தகம். அது நிர்வாகத்தின் அலமாரியில் இருக்கும். தொடர்ச்சியான சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன் ஒழுங்காக வரும். அதனால் ஆள் சந்தையில் நின்றாலும் புத்தகம் நிலையத்திலேயே கிடந்தது.

இன்னொரு காரணத்தை நான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. புத்தகம் அங்கே கிடக்கும் வரைக்கும் அவர் பொறியாளர். சந்தையில் நிற்பது தற்காலிகம். என்னுடைய லிங்க்ட்இன் பக்கமும் அந்த அலமாரியில்தான் கிடந்தது.

4

1992 ஜனவரி 29ஆம் தேதி யெல்ட்சின் ‘வணிகச் சுதந்திரம்’ பற்றி ஓர் ஆணை போட்டார். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நின்று விற்கலாம். சில மாதங்களுக்கு முன்புவரை வாங்கி விற்று லாபம் பார்ப்பது அங்கே கிரிமினல் குற்றம். ஆணை செய்தித்தாளில் வந்த மறுநாள் மாஸ்கோவின் நடைபாதைகளில் மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். கையில் ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு டப்பா இறைச்சி, அம்மாவின் கம்பளிச் சால்வை. சிலர் அந்த ஆணை வந்த செய்தித்தாள் துண்டை வெட்டிச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றதாகப் படித்தேன். போலீஸ்காரர் வந்தால் காட்டுவதற்கு. பயம் போவதற்குக் கொஞ்ச நாள் ஆகும் இல்லையா.

அடுத்த கட்டம் பயணம். 1993 ஜனவரியிலிருந்து வெளிநாடு போவது சட்டப்படி எல்லோருக்கும் உரிமை ஆனது. அதற்கு முன்பே போலந்து எல்லை திறந்திருந்தது. வார்சாவில் ஒரு பழைய ஸ்டேடியம் முழுக்கச் சந்தையாகியிருந்தது. இஸ்தான்புல்லின் லாலேலி பகுதியில் கடைப் பலகைகள் ரஷ்ய மொழிக்கு மாறின. தூரக் கிழக்கில் இருந்தவர்கள் சீன எல்லைக்குப் போனார்கள். கட்டம்போட்ட, ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பை. திருப்பூர் ரயில் நிலையத்தில் இன்றைக்கும் வடநாட்டுத் தம்பிகள் தோளில் பார்க்கிறோமே, அதே மாதிரிப் பைதான். அந்தப் பைதான் அந்தப் பத்து வருஷத்தின் சின்னம்.

இவர்களுக்கு ‘செல்னோக்’ என்று பெயர் வந்தது. தறியில் ஓடும் நாடா என்று அர்த்தம். சோமனூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம், ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓர் இழை. நின்றால் தறி நின்றுவிடும். தொண்ணூறுகளின் நடுவில் இந்தத் தொழிலில் ஒரு கோடிப் பேர் வரை இருந்ததாக மதிப்பிட்டவர்கள் உண்டு. ஆசிரியர்கள், டாக்டர்கள், ராணுவ அதிகாரிகளின் மனைவிகள், பொறியாளர்கள். பெண்கள் ஏராளம்.

ஒரு நடை எப்படி ஓடும் என்று பார்த்தால் அது லேசான காரியமில்லை என்று தெரியும். முதலுக்கு நண்பர்களிடம் டாலர் கடன், மாதத்துக்கு மாதம் வட்டி. பஸ்ஸிலோ சார்ட்டர் விமானத்திலோ கூட்டமாகப் போக வேண்டும். இரண்டு நாளில் தூங்காமல் கொள்முதல். தோல் ஜாக்கெட்டா, குழந்தைகள் ஸ்வெட்டரா, எந்த அளவு, எந்த நிறம்? தப்பாக எடுத்தால் அந்த நடையே நஷ்டம். சுங்கத்தில் ஆளுக்கு 2,000 டாலர் வரை வரி கிடையாது. 1996 ஆகஸ்டில் அதை 1,000 டாலர், 50 கிலோ என்று சுருக்கினார்கள். ஊர் திரும்பினால் சந்தையில் இடத்துக்கு வாடகை, ரவுடிகளுக்கு மாமூல். சரக்கு ரூபிளில் விற்கும், ரூபிள் தினமும் இறங்கும், அதனால் அன்றன்றே டாலராக மாற்ற வேண்டும். மைனஸ் இருபது டிகிரியில் எட்டு மணி நேரம் நின்றபடி இந்தக் கணக்கெல்லாம் மனதுக்குள் ஓட வேண்டும். மாஸ்கோவின் பெரிய சந்தைகளில் ஒன்று லுழ்னிகி ஸ்டேடியத்தில் இருந்தது, 1980 ஒலிம்பிக்ஸ் நடந்த அதே மைதானம்.

இந்தத் தொழிலை நினைவுகூர்பவர்கள் கஷ்டத்தைவிட அதிகமாகச் சொல்வது வெட்கத்தைத்தான். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க நகரத்தின் வேறு மூலைச் சந்தைக்குப் போனவர்கள், பழைய மாணவர் எதிரே வந்தால் குனிந்து சரக்கைத் தேடுவதுபோல் நடித்த ஆசிரியர்கள். போன ஆடித் தள்ளுபடியில் எனக்கும் அது நடந்தது. கிராஸ்கட் ரோட்டுக் கடை ஒன்றில் கல்லாவுக்கு அடியில் குனிந்து கேபிள் மாட்டிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு குரல். என்னோடு சென்னையில் ஒரே டீமில் இருந்தவன், மனைவியோடு புடவை எடுக்க வந்திருக்கிறான். அவர்கள் பில் போட்டுப் போகும் வரை நான் எழுந்திருக்கவே இல்லை. நாலு நிமிஷம் இருக்கும். முழங்கால் வலித்தது.

5

நிலையத்தை விட்டு நகராதவர்களும் உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட முடியாது. 1992 டிசம்பரில் ஜார்ஜ் சோரோஸ் 10 கோடி டாலரில் ஒரு விஞ்ஞான அறக்கட்டளையை அறிவித்தார். அதன் அவசர உதவியாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளுக்குத் தலைக்கு 500 டாலர் போனது. பலருக்கு அது ஒரு வருஷச் சம்பளத்துக்கு நிகர். அணு விஞ்ஞானிகள் வேறு நாடுகளுக்கு விலைபோய்விடுவார்களோ என்று மேற்கு நாடுகளுக்குப் பயம் இருந்தது. ஆனால் பெரும்பாலோர் எங்கும் போகவில்லை. வாரக் கடைசியில் தோட்டத்துக்குப் போய் உருளைக்கிழங்கு நட்டார்கள்.

அந்தத் தோட்டம் முக்கியம். சோவியத் காலத்தில் நகரவாசிக்குக் கொடுத்த துண்டு நிலம் பெரும்பாலும் 600 சதுர மீட்டர். நம் கணக்கில் பதினைந்து சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தொண்ணூறுகளின் கடைசியில் ரஷ்யாவின் உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்த மாதிரி வீட்டுத் தோட்டங்களில் விளைந்ததுதான். முன்பு நிலையம் லாரி ஏற்றி அனுப்பியபோது முணுமுணுத்துக்கொண்டு பொறுக்கிய அதே கிழங்கு.

நகர மறுத்தவர்களின் பக்கத்தில் ஒரு பெயரை மரியாதையோடு சொல்ல வேண்டும். விளாதிமிர் நெசாய். உரால் மலைப் பக்கம் செல்யாபின்ஸ்க்-70 என்று எண்ணால் அழைக்கப்பட்ட அணு ஆயுத ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர். மாதக்கணக்கில் தன் ஆட்களுக்குச் சம்பளம் தர முடியவில்லை. மாஸ்கோவிலிருந்து பணம் வரவில்லை. 1996 அக்டோபர் 30ஆம் தேதி அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த இடத்தில் படிப்பை நிறுத்திவிட்டு இரண்டு நாள் வேறு எதையும் தொடவில்லை. தன் சம்பளத்துக்காக இல்லை, மற்றவர்களின் சம்பளத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒருவர் போயிருக்கிறார். எனக்கு வீடியோ காலில் பேசியவரின் முகம்கூட ஞாபகமில்லை.

கணக்கைப் பார்த்தால், ரஷ்யாவில் ஆராய்ச்சித் துறையில் 1990இல் 19 லட்சம் பேர் இருந்தார்கள். 2000இல் 9 லட்சத்துக்கும் கீழே. பத்து வருஷத்தில் பத்து லட்சம் பேர். அவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகக் கொஞ்சம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் ஏறக்குறைய 64 வருஷம். 1994இல் 57 சொச்சம். போர் இல்லை, பஞ்சம் இல்லை, ஆறு வருஷ ஆயுள் போயிருக்கிறது. பெண்களுக்கும் குறைந்தது, ஆனால் அதில் பாதி அளவுதான். குடி, மன அழுத்தம், சிதைந்த மருத்துவம் என்று காரணங்களை இன்றும் விவாதிக்கிறார்கள். ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தச் சாவு அதிகம் விழுந்தது படிப்புக் குறைந்த ஆண்கள் மேல். பொறியாளர் சந்தையில் நின்று வெட்கப்பட்டார், லேத் ஓட்டியவர் செத்தே போனார். வேலை போன படித்தவனின் சோகத்தை எழுத உட்காரும்போது இந்த வரியை அடித்துவிட்டு எழுதினால் அது நேர்மையாக இருக்காது. எங்கள் கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய என் சம்பளத்தில் பாதிகூட வாங்குவதில்லை. அவர்கள் யாரும் கட்டுரை எழுதவில்லை.

6

1998 ஆகஸ்ட் 17ஆம் தேதி ரஷ்ய அரசாங்கம் கடனைத் திருப்பித் தர முடியாது என்று கை விரித்தது. டாலருக்கு 6 ரூபிள் சொச்சம் இருந்தது வருஷக் கடைசியில் 20ஐத் தாண்டியது. டாலர் கடனில் சரக்கெடுத்து ரூபிளில் விற்றுக்கொண்டிருந்த சந்தைக்காரர்கள் ஒரே வாரத்தில் நொறுங்கினார்கள். படிப்பில் கட்டியது ஒரு தடவை இடிந்தது, பையில் கட்டியது இன்னொரு தடவை. ஆறு வருஷத்தில் இரண்டு இடி. மறுபடி எழுந்து கடன் வாங்கி, பஸ் ஏறிப் போனவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடிந்திருக்குமா என்று தெரியவில்லை.

2000க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது, சம்பளங்கள் ஒழுங்காக வந்தன, பெரிய கடைகளும் மால்களும் வந்தன. பைக்காரர்களில் சிலர் கடை முதலாளிகள் ஆனார்கள், பலர் விற்பனையாளர்களாகப் போய்ச் சேர்ந்தார்கள். மாஸ்கோவின் பிரம்மாண்டமான செர்கிசோவ்ஸ்கி சந்தையை 2009இல் மூடினார்கள். சீன எல்லையிலுள்ள பிளகோவேஷென்ஸ்க் நகரத்தில் பை தூக்கிய ஒரு வியாபாரிக்கு இப்போது வெண்கலச் சிலை இருக்கிறது.

ஆனால் அந்த வெட்கம் எங்கே போயிற்று? 2021 டிசம்பரில் விளாதிமிர் புதின் ஓர் ஆவணப்படத்தில், சோவியத் சிதைவுக்குப் பிறகு செலவுக்காகத் தானும் காரில் சவாரி ஏற்றியதுண்டு என்றும், அதைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை என்றும் சொன்னார். முப்பது வருஷம் கழித்து, நாட்டின் அதிபருக்கு, சவாரி ஓட்டியது சொல்லப் பிடிக்காத விஷயம். அவர் அதைச் சொன்னது, சோவியத் யூனியன் விழுந்தது எவ்வளவு பெரிய துயரம் என்று விளக்குவதற்கு. ஒரு தலைமுறை தனக்குள் வைத்துப் புழுங்கிய அவமானத்தை யாராவது ஒருவர் பொதுச் சொத்தாக மாற்றி, ‘நம்மை இப்படி ஆக்கியவர்கள் இவர்கள்’ என்று கை காட்டினால் என்ன ஆகும் என்பதை இந்தப் பத்து வருஷச் செய்திகளில் பார்த்துவிட்டோம். அந்த வெட்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எரிந்ததில் அந்த விறகும் இருக்கிறது.

7

எனக்கு நடந்தது ஒரு நாடு உடைந்த கதை இல்லை. ஒரு கம்பெனியின் காலாண்டுக் கணக்கு. அவர்களோடு என்னை வைத்துப் பார்ப்பதில் கொஞ்சம் அகங்காரம் இருக்கிறது, தெரியும். இருந்தும் படித்ததிலிருந்து ஒன்று விடாமல் ஒட்டிக்கொண்டது: அந்த உழைப்புப் புத்தகம். சம்பளம் தராத அலுவலகத்தின் அலமாரியில் அதை வைத்துவிட்டுச் சந்தையில் நின்றவருக்கு இரண்டு வேலை. ஒன்று சரக்கு விற்பது. இன்னொன்று, நான் இதைச் செய்பவன் இல்லை என்று தனக்கே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது. இரண்டாவதுதான் ஆளைத் தின்றிருக்கும் என்று தோன்றுகிறது.

இதை ஒருநாள் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். ரஷ்யாவில் தொடங்கி என்னுடைய சம்பளம் வரைக்கும் சொன்னேன். அதுவரை அவருக்கும் ‘வொர்க் ஃபிரம் ஹோம்’தான். தொகையைக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்பா ஒரு நூற்பாலையில் சம்பளப் பட்டியல் எழுதும் கிளார்க். இரோடவ் வாங்கியது அந்தச் சம்பளத்தில்தான். 1996இல் மில்லைப் பூட்டினார்கள். மூடல் இல்லை, லாக்-அவுட். அந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியாது. மூடினால் கணக்கு முடித்துப் பணம் தர வேண்டும். பூட்டினால் ஆட்கள் பட்டியலில் இருப்பார்கள், சம்பளம் இருக்காது. அப்பா சோமனூரில் ஒரு தறிக்காரரிடம் கணக்கு எழுதப் போனார். எனக்கு எட்டு வயசு. லீவு நாளில் கூட்டிப் போவார், நான் நாடா ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“மாசம் ஒண்ணாந்தேதி ஆனா மில்லு கேட்டுக்குப் போயிருவேன் கண்ணு,” என்றார். “அங்க என்ன இருக்கும்? வாட்ச்மேன் இருப்பாரு. நோட்டீஸ் போர்டுல பழைய நோட்டீஸ் இருக்கும். நாலு பேரு நிப்பம். இன்னிக்கித் தொறக்கறாங்க நாளைக்கித் தொறக்கறாங்கன்னு பேசிட்டு வருவம். நாலு வருசம் போனேன்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தறிக்காரர்கிட்ட உடம்பு சரியில்லைன்னு அரை நாள் லீவு சொல்லிருவேன். மாசாமாசம் ஒண்ணாந்தேதி எனக்குக் காச்சலு.” சிரித்தார். “ஒரு மாசம் பஸ்சு வரலை. போகலை. அதுக்கப்பறம் போகவே இல்லை. போறத நிறுத்துனதுக்கு அப்பறம்தான் அந்தத் தறிக்காரர் கணக்குல எத்தனை ஓட்டைன்னே எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு முன்னால நாலு வருசமா அதத்தான் எழுதிட்டு இருந்தேன், கண்ணுல படலை.”

மில்லில் கொடுத்த அடையாள அட்டையை என்ன செய்தார் என்று கேட்டேன். பீரோவில் இருக்கிறதாம். தூக்கிப்போட வேண்டும் என்று தோன்றவில்லையாம். “அது பாட்டுக்குக் கெடக்குது.”

அன்று ராத்திரி லிங்க்ட்இன்னைத் திறந்து பழைய வேலைக்கு முடிந்த தேதியைப் போட்டேன். புது வேலையைச் சேர்த்தேன். பதவி என்ன என்று கேட்டது, ‘பில்லிங் மென்பொருள், ஜவுளிக் கடைகள்’ என்று எழுதினேன். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆடித் தள்ளுபடியில் நான் ஒளிந்துகொண்டேனே, அந்த நண்பன் மட்டும் ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினான். அவன் டீமையும் கலைத்துவிட்டார்களாம். கோவையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.

சம்பளத்தைச் சொன்னேன். லைனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அந்தக் கடைகள்ல ஸ்டாக் எப்படிடா மெயின்டெயின் பண்றீங்க?” என்றான். பார்கோடு இல்லாத பழைய சரக்கை எப்படிக் கணக்கில் ஏற்றுவது என்பதில்தான் நாங்கள் மூன்று மாதமாக மாட்டிக்கொண்டிருக்கிறோம். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் பேசினோம்.